காத்துப் பாட்டில்காரர்

எங்கள் ஊரில், காஜா பெராங் பகுதியில் ஒரு மனிதர் இருந்தார். நீங்கள் பேசினால் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். கையைப் பார்ப்பார். கையிலும் விரலை, விரலிலும் நகத்தை. "என்ன தங்கச்சி, சௌக்கியமா?" என்று வாய் கேட்கும், பதிலை நகத்திடம் வாங்கிக்கொள்வார். நான் பாட்டுக்கு ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன், அவர் கண் என் சுண்டுவிரலில் நிற்கும். எனக்கு வரும் பாருங்கள் ஓர் எரிச்சல்! கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன். உடனே அவருக்குப் பேச்சில் சுவாரஸ்யம் போய்விடும், சைக்கிளில் ஏறிவிடுவார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் அட்டெண்டர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கால் வரைக்கும் காக்கிக் கால்சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. வார்டில் மூச்சுத் திணறுகிறவர்களுக்குக் காற்று கொண்டுபோவதுதான் அவர் வேலை. ஆளுயர இரும்பு உருளை ஒன்று இருக்கும். உடம்பு கறுப்பு, தோள்பட்டை வெள்ளை. சின்னச் சக்கரம் வைத்த வண்டியில் அதை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வருவார். ஆக்சிஜன் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு அது காத்துப் பாட்டில், அவர் காத்துப் பாட்டில்காரர். நாளடைவில் பாட்டிலும் உதிர்ந்துபோய்க் காத்துக்காரர் ஆகிவிட்டார். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அந்தக் காலத்தில் "பாட்டில் வந்தா பின்னால பாடை வரும்" என்று ஒரு பேச்சு இருந்தது. எஸ்டேட்டிலிருந்து வந்து படுத்திருக்கிறவர்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு, டவுன்காரர்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு. வார்டு நடையில் அந்தச் சக்கரம் கிறீச்சிட்டால் போதும், கட்டில் கட்டிலாகப் பெண்கள் எழுந்து நிற்பார்கள். ஒருமுறை அவர் பாட்டிலை ஒரு கட்டிலைத் தாண்டி அடுத்த கட்டிலுக்குத்தான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அதற்குள் முதல் கட்டில்காரி வீட்டார் மாரடித்து ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "நான் கால் முறிஞ்சுதான் வந்திருக்கேன், கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று சத்தம் போட்டாளாம். 

அப்பேர்ப்பட்ட ஆள் ரோட்டில் வந்து உங்கள் நகத்தை உற்றுப் பார்த்தால் எப்படி இருக்கும்? நாள் குறிக்கிறான் என்றுதானே தோன்றும். எதிரே அவர் சைக்கிள் வந்தால் பெரியவர்களே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். விசேஷங்களுக்கு அவர் மனைவியைக் கூப்பிடுவார்கள், அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை கூப்பிட்டுப் பட்டது போதும் என்றாகிவிட்டது.

அது தம்பின் என்ற ஊர்ப் பக்கத்து மாப்பிள்ளை. மணவறையில் புழுக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். மொய் கொடுக்கப் போன நம்மவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார், விட மறந்துவிட்டார். ஒவ்வொரு விரலாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல செவப்பு. பயமில்ல," என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமன் பிடித்துக்கொண்டார். "பயமில்லன்னா என்னய்யா அர்த்தம்? பயப்படுறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" மாப்பிள்ளையின் அம்மா ஒரு பக்கம் கத்த, பெண் வீட்டார் ஒரு பக்கம் குசுகுசுக்க, முகூர்த்தம் தவறப் பார்த்தது. கடைசியில் அவரைப் பந்தி பரிமாறு என்று பின்பக்கம் அனுப்பினார்கள். அனுப்பியவருக்கு மூளை இல்லை. இலையில் கை வைத்தவர்கள் நகத்தை எல்லாம் சாம்பார் வாளியோடு நின்று ஒன்றுவிடாமல் பார்த்து முடித்தார்.

அவர் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். "கல்யாணத்தன்னிக்கு என் கையப் புடிச்சாரு. மோதிரம் போடப் போறாருன்னு நெனச்சேன். நகத்தப் பாத்துட்டு, ம், நல்லாயிருக்குன்னு விட்டுட்டாரு," என்று குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். 

இந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியது என்று ஒருநாள் நானே கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வார்டின் தலைமை மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அவரை நிறுத்தி வைத்துச் சொன்னாராம்: ரத்தத்தில் காற்று குறைந்தால் நகம் நீலமாகும், நீலத்தைப் பார்த்தால் உடனே வந்து சொல், தாமதிக்காதே.

"அவங்க வார்டுக்குள்ள பாக்கச் சொன்னாங்கண்ணே. ரோட்டுல எதுக்குப் பாக்குறீங்க?" என்றேன்.

"ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியில பாக்காதன்னு சொல்லலையே தங்கச்சி," என்றார். பதில் சொல்லும்போதும் என் விரலைத்தான் தேடினார். "மொகம் பொய் சொல்லும். சாவப்போறவன்கூட ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சிரிப்பான். நகம் பொய் சொல்லாது லா."

நகத்தை நம்பி அவர் மூக்கறுபட்ட கதையும் உண்டு. பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பலகாரம் செய்து விற்கும் சிட்டி அம்மா ஒருவர் இருந்தார், தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே ஊறிப்போன வம்சம். பேருக்கு நம் சாமி, நம் பொட்டு, பேச்செல்லாம் மலாய்தான். ஒரு காலையில் அந்த அம்மா கூடையோடு வர, இவர் பார்த்திருக்கிறார். பத்து நகமும் நீலம். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, அந்த அம்மாவை அப்படியே ரோட்டோரம் உட்கார வைத்து, "தாரேக் நாப்பாஸ், தாரேக் நாப்பாஸ்," மூச்சை இழுங்க, மூச்சை இழுங்க என்று கத்தியிருக்கிறார். கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மா சிரித்த சிரிப்பில்தான் நிஜமாகவே மூச்சு முட்டியது. "புங்கா தெலாங் லா!" என்று கூடையைத் திறந்து காட்டினாராம். சங்குப்பூச் சாற்றைப் பிழிந்து செய்த நீலப் பலகாரம். பிழிந்த கை நீலமாகாமல் வேறென்ன ஆகும்? சமாதானத்துக்கு இரண்டு துண்டு கொடுத்தார். இவர் அதைத் தின்றுவிட்டு நீல உதட்டோடு வார்டுக்குப் போய் மிஸ்ஸியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சிரிக்கிறேன், ஆனால் அந்த மனிதரால்தான் இன்றைக்கு உட்கார்ந்து சிரிக்கிறேன்.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த மறுவருஷம் எனக்கு மூத்தவன் பிறந்தான். என் வீட்டுக்காரர் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். பிரசவம் அம்மா வீட்டிலேயே, காஜா பெராங்கில். மருத்துவச்சி வந்து பார்த்தாள், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சில நாளில் எனக்குக் குளிர் எடுத்தது. பல் தந்தியடிக்கும் குளிர், பிறகு நெருப்பாய்க் காய்ச்சல். பச்சை உடம்பு, சூடு ஏறிவிட்டது என்று அம்மா முடிவு கட்டினாள். சூட்டுக்கு மருதாணிதானே? அரைத்து உள்ளங்கை, உள்ளங்கால், இருபது நகம் எல்லாவற்றிலும் அப்பினாள். பால் நன்றாக ஊறட்டும் என்று வெற்றிலை வேறு மடித்து மடித்து வாயில் திணித்தாள். நானும் மென்றேன். அவள் அன்புக்குக் குறை சொல்ல முடியாது. எந்த அம்மாவும் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்பாள்.

எனக்குப் பேச்சு குழறத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் பயந்துபோய் டாக்சி பிடித்தார். பிள்ளையை நாத்தனாரிடம் டின் பாலோடு விட்டுவிட்டு, அம்மா என்னோடு வந்தாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பிரசவப் புண்ணிலிருந்து ரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டது என்றார். பென்சிலின் ஊசி போட்டார்கள். காலையில் இருந்த மிஸ்ஸி என் கையைத் தூக்கிப் பார்த்தாராம். செக்கச்செவேல் என்று இருந்தது. ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அங்கே அத்தனை கட்டில், அவர் ஒருத்தி.

மதியம் ஷிப்டுக்குக் காத்துக்காரர் வந்தார். இதற்கு மேல் நடந்ததில் பாதி எனக்கு அரைகுறையாக நினைவிருப்பது, பாதி அம்மா சொல்லிச் சொல்லி என்னுடையதாகிவிட்டது.

என்னைப் பார்த்ததும், "அட, நம்ம தங்கச்சி!" என்று வந்தவர், வழக்கம்போலக் கையைத் தூக்கினார். பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். 

"யாருக்கா இத வச்சது?"

"நாந்தான் தம்பி. சூடு தணியட்டும்னு."

போர்வையை விலக்கிக் கால் நகத்தைப் பார்த்தார். அங்கேயும் மருதாணி. "தங்கச்சி, நாக்க நீட்டு," என்றார். நீட்டினேன். வெற்றிலைச் சிவப்பு. உதடும் அதே சிவப்பு.

"வெத்தலையுமா?" என்றார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது. "மூச்சு இந்த வாங்கு வாங்குது. எல்லாத்தையும் செவப்படிச்சு வச்சிருக்கீங்க. நான் எங்கத்தான் பாக்குறது?"

இப்போதெல்லாம் கிளினிக்குக்குப் போனால் விரலில் துணிக்கொக்கி மாதிரி ஒன்றைக் கவ்வ விடுகிறார்கள், ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று எண் மின்னுகிறது. அன்றைக்கு மனுஷன் கண்ணைத் தவிர வேறென்ன இருந்தது? அவர் கண்ணுக்கோ நகத்தைத் தவிர வேறு தெரியாது. நகம் இந்தத் தடவை சிரிக்க முடியாத பொய்யாக அவரிடம் சொல்லிவிட்டது. மனுஷன் பித்துப் பிடித்தவர்போல் ஆகிவிட்டார். நோயாளிகளுக்கு முகம் மழிக்கிற பிளேடை எடுத்து வந்து, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நகத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

"ஐயோ, புள்ள பெத்த பொண்ணு மேல பிளேடா!" என்று அம்மா அவர் கையைப் பிடித்து இழுக்க, அவர் விடாமல் சுரண்ட, வார்டே திரும்பிப் பார்த்தது. மதியம் வேலைக்கு வந்த சீனத்து மிஸ்ஸி ஓடி வந்தார். என்ன ஏதென்று கேட்டார். காத்துக்காரர் அழாத குறையாக என் கையைக் காட்டினார். மிஸ்ஸி கையைப் பார்க்கவில்லை. என் தலைமுடியை ஒதுக்கினார். "காதுல யாரும் மருதாணி வைக்கமாட்டாங்களே, அங்க பாக்கவேண்டியதுதானே," என்று மலாயில் சொன்னாராம். தோட்டுக்குக் கீழே என் காது மடல் வாழைப்பூ மடல் நிறத்தில் இருந்தது.

"பாட்டில்," என்றார் மிஸ்ஸி. அந்தச் சொல் முடியும் முன்பே காத்துக்காரர் நடையில் ஓடிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி டாக்டரைக் கூப்பிடப் போனார்.

கிறீச், கிறீச் என்று அந்தச் சக்கரச் சத்தம் வந்தது. அது எனக்குக் கேட்டது. பயந்தேன். கையைத் தூக்கி வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், கை வரவில்லை.

அம்மா கட்டிலுக்கு முன்னால் குறுக்கே நின்றுவிட்டாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வேலி மாதிரி.

"தம்பி, ஒங்க கால்ல விழறேன். அந்தப் பாட்டில மட்டும் என் பொண்ணுகிட்டக் கொண்டாந்துடாதீங்க. அது போன எடத்துல யாரு பொழைச்சா? ஊசியே போதும். ஆத்தாளுக்கு வேண்டியிருக்கேன். பால்கொடம் எடுக்கிறேன்னு வேண்டியிருக்கேன்."

அவர் வண்டியை நிறுத்தினார். அப்போது அவர் அம்மாவின் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்: "அன்னிக்கித்தான் அந்தாளு கண்ணு என்ன மாதிரின்னு பாத்தேன்."

"நெசந்தான்க்கா," என்றார். "இது போன எடத்துல நெறையப் பேரு செத்தாங்க. ஏன் தெரியுமா? இப்படித்தான் ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னாடியும் யாராச்சும் கைய விரிச்சிட்டு நிக்கிறாங்க. கால்ல விழறாங்க. நானும் நிக்கிறேன். கடைசியில, சரி, இனிமே என்ன, வைங்கன்னு வழி விடுறப்ப, எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். லேட்டாத்தான்க்கா நான் எப்பவும் போறேன். பாட்டில் வந்து சாவல. சாவு வந்தப்புறம்தான் பாட்டில விடுறீங்க. இன்னிக்கு ஒரே ஒருவாட்டி என்னை நேரத்துக்குப் போவ விடுங்க."

அம்மா அசையவில்லை. "வச்சும் என் பொண்ணு செத்துப்போனா?"

அவர் தெரியாது என்றுதான் சொன்னார். "அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா இப்ப அவளுக்குக் காத்து பத்தல. அது தெரியும்."

அந்தத் தெரியாது என்ற சொல்லில்தான் அம்மா கையை இறக்கினாள் என்று நினைக்கிறேன். பிழைப்பாள் என்று சத்தியம் செய்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

டாக்டர் வந்து தலையாட்ட, மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் கவசம் வைத்தார்கள். சைக்கிள் டியூப் வாசனை. உஸ்ஸென்று ஒரு சத்தம். மலை ஏறி மூச்சு வாங்குகிறவளுக்கு யாரோ ஒரு நாற்காலி போட்ட மாதிரி இருந்தது. பாட்டில் தீரத் தீர அவர் வேறு கொண்டு வந்து மாற்றினார். ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லையாம். என் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மனைவி சோறு கட்டி எடுத்து வந்து, "இதுவரைக்கும் நகம், இப்பக் காதா? வெளங்கிடும்," என்று திட்டிவிட்டு அம்மாவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துப் போனாளாம்.

நான் பிழைத்தேன். ஊசிதான் காப்பாற்றியது என்றார்கள் சிலர். ஆத்தாள் என்றார்கள் பலர். இள வயது, ரத்தம் எதிர்த்து நின்றது என்றார் டாக்டர். எல்லாரும் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஊசி வேலை செய்யும்வரைக்கும் உயிர் உடம்பில் இருக்க வேண்டுமே, அதை யார் பிடித்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று அம்மா கையில் மூட்டை, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு எஸ்டேட்டுப் பெண் படுத்திருந்தாள். அவளுக்கும் பிரசவக் காய்ச்சல், கண் செருகியிருந்தது. அவள் மாமியார் கட்டிலுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே பாட்டில் வண்டியோடு நம் ஆள். "வேணாம்யா, வேணாம்யா," என்று அந்த அம்மா கும்பிடுகிறாள்.

எங்கள் அம்மா மூட்டையைக் கீழே போட்டாள். என் தோளைப் பிடித்துத் திருப்பி அந்த மாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இந்தாம்மா, இங்க பாரு. இது எம்பொண்ணு. இந்தப் பாட்டில வச்சுத்தான் படுத்திருந்தா. நட டீ," என்றாள் என்னிடம்.

"அம்மா, முடியலம்மா."

"நடன்னா நட!"

நடந்தேன். மாட்டுச் சந்தையில் மாட்டை நடக்கவிட்டுக் காட்டுகிற மாதிரி, அந்தக் கட்டிலுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. அந்த மாமியார் என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகி நின்றாள். வண்டி உள்ளே போனது.

அதற்கப்புறம் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. குழாயடியில், கோயிலில், மீன்காரனிடம்கூட அதே பேச்சு. எனக்குப் பூண்டும் பால்சுறாப் புட்டுமாகப் போட்டுத் திணித்தாள். வற்றியிருந்த பால் திரும்பவும் சுரந்து, என் மகன் ஒரு பக்கம் குடிப்பதற்குள்ளேயே தூங்கிப்போனான்.

ஒரு சாயங்காலம் காத்துக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சைக்கிள் இல்லை. உள்ளேயும் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததே கிடையாது, நாங்கள் கூப்பிட்டதும் கிடையாது.

"அந்த எஸ்டேட்டுப் பொண்ணு போயிருச்சுக்கா," என்றார்.

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான்தானே தம்பி அந்த அம்மாவ வெலகச் சொன்னேன். தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லக்கா. நேரத்துக்குத்தான் வச்சோம். நஞ்சு ரொம்ப ஏறிப்போச்சு, ஊசிக்குக் கேக்கல. ஆனா திணறலக்கா. புருஷன்கிட்டப் பேசிச்சு. புள்ளையப் பக்கத்துல படுக்க வச்சுத் தடவிக் குடுத்துச்சு. நான் எத்தனையோ பாத்திருக்கேன். அந்த மாதிரி அமைதியாப் போனது கொஞ்சம் பேருதான்."

"மாமியா என்ன சொன்னா? என்னைத் திட்டினாளா?"

"ஒங்களக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

அம்மா அழுதாள். நானும் அழுதேன். நான் நடந்து காட்டிய அந்த நடையெல்லாம் இதற்குத்தானா என்று ஒரு கோபம், யார் மேல் என்று தெரியாமல். அவர் அழவில்லை. போகவும் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, எதையோ சொல்ல வந்தவர்போல நின்றார்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புள்ள?" என்றாள்.

"பொட்டப் புள்ள. வார்டுலதான் இருக்கு. டின் பால் ஒத்துக்கல, வாந்தி எடுக்குது. கத்திக் கத்திக் கொரலே போயிருச்சு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கேட்க வந்தது அதுதான். கேட்கத்தான் வாய் வரவில்லை. செத்தவள் பிள்ளைக்குப் பச்சை உடம்புக்காரியிடம் பால் கேட்பதாவது? எந்த வீட்டில் கொடுப்பார்கள்?

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"இருங்க தம்பி, பேச்சா வண்டி கெடைக்குமான்னு பாக்கச் சொல்றேன்," என்று அம்மா எழுந்தாள்.

"வேணாங்க்கா," என்றார் அவர். முகத்தில் அவ்வளவு கூச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

ரோட்டு முனையில் சீனக் கிழவர் ஒருவர் தன் மூன்று சக்கரப் பேச்சாவின் கூரையை விரித்துவிட்டு, பெடலில் காலை வைத்தபடி எனக்காகக் காத்திருந்தார்.